ராணிக்கு வந்த வாய்

ஜம்புநாதன் என் கூடப்பிறந்த அண்ணன். அதற்காக அவன் பக்கம் சாய்ந்து பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். நான் சொல்லப்போவது அவன் மனைவி, என் அண்ணி, வசந்தகுமாரியைப் பற்றி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எண்ணெய் வண்ணத்தில் முகம் எழுதக் கற்றுக்கொள்ளப் போனவள். கற்றுக்கொண்டாளா என்று கேட்டால் அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

செகந்திராபாத் மாரேட்பள்ளியில் ஒரே வீட்டில் மாடியில் அவர்கள், கீழே நான். எங்கள் கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்காட்டிலிருந்து கண்டோன்மென்ட்டுக்குத் துணி விற்க வந்தவராம். நாங்கள் பேசுகிற தமிழைக் கேட்டால் மெட்ராஸ் உறவுக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் போகட்டும். அண்ணன் தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானியாக இருந்தான். அண்ணி பாலாநகரில் விமானங்களுக்கு மின்னணுக் கருவி செய்யும் தொழிற்சாலையில் இருந்தாள். சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, பற்றவைப்பில் குறை இருந்தால் ஒதுக்கிவைக்கிற வேலை. கண் கெட்டதற்கு அதுதான் காரணம் என்று அவள் சொல்வாள். வயசுதான் காரணம் என்று டாக்டர் சொல்வார்.

அண்ணிக்குப் பீச்சாங்கைப் பழக்கம். கல்யாணமான புதிதில் என் அம்மா இதைப் பெரிய குறையாகப் பேசினாள். பந்தியில் கரண்டியை எந்தக் கையில் எடுக்கிறாளோ என்று மருமகள் பின்னாலேயே நடப்பாள். சோறு பரிமாறவும் விபூதி எடுக்கவும் அண்ணி வலது கையைப் பழக்கிக்கொண்டாள். மற்ற எல்லாவற்றுக்கும் இடதுதான். எழுதுவது, காய் நறுக்குவது, கோலம் போடுவது எல்லாம் அந்தக் கைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள், ராஜி. நான் பார்த்ததில்லை. அண்ணி எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கல்யாணமாகி, மறுவருஷமே மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். கல்யாண ஆல்பம் மாப்பிள்ளை வீட்டில் மாட்டிக்கொண்டது. கேட்கும்போதெல்லாம் தருகிறோம், தருகிறோம் என்றார்கள். பிறகு வீட்டை விற்றுவிட்டு எங்கேயோ போனார்கள். மிஞ்சியது ராஜி காலேஜுக்குப் போனபோது வாங்கிய பஸ் பாஸ் மட்டும். அதில் தபால்தலை அளவுக்கு ஒரு போட்டோ, போட்டோவின் மேல் வட்டமாக நீல முத்திரை. நெற்றி தெரியும், கண் தெரியும், மூக்கு பாதி தெரியும். வாய் முழுக்க முத்திரைக்கு அடியில் போய்விட்டது.

அந்த வாயைப் பார்த்தவர்களில், எங்களுக்குத் தெரிந்து, உயிரோடு இருப்பது அண்ணி ஒருத்திதான்.

"ராஜிக்குச் சிரிப்பு வர்றதுக்கு முன்னாடி வாயோட ஒரு ஓரம் கீழ இழுக்கும் மங்களம். அழப்போறாளோன்னு நெனைப்போம். அப்புறம்தான் சிரிப்பா" என்பாள் என்னிடம். எந்த ஓரம் என்று தன் முகத்தில் தொட்டுக் காட்டுவாள். அப்படி இழுத்துக் காட்டச் சொன்னால் அவளுக்கு வராது. நானும் கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்த்திருக்கிறேன், வயிற்றுவலி வந்தவள் போல இருந்தது.

என் மகள் ஹம்சா ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கிறவள். ஒரு நாள் அந்த பஸ் பாஸைப் போனில் படம் எடுத்து ஏதோ ஓர் ஆப்பில் போட்டாள். முத்திரை மறைந்து, பல்லெல்லாம் பளீரென்று தெரிய ஒருத்தி சிரித்தாள். ஹம்சாவுக்குத் தமிழ் புரியும், பதில் பாதி தெலுங்கில்தான் வரும். "பாகுந்தி கதா அத்தா" என்றாள். அண்ணி போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கா. யாரு இவ?" என்றாள்.

ஹம்சாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அன்றைக்குத்தான் அண்ணி முடிவு செய்தாள். இந்த வாயை வேறு யாரும் போட முடியாது, நானே கற்றுக்கொண்டு நானே போடுகிறேன் என்றாள். இதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பேர் வேண்டாம், பரிசு வேண்டாம். தானும் போய்விட்டால் ராஜியின் வாய் இந்த உலகத்தில் இல்லாமல் போய்விடும் என்ற பயம் ஒன்றுதான்.

முதலில் பக்கத்திலேயே ஒரு வகுப்பில் சேர்ந்தாள். அங்கே ஒரு வேடிக்கை. இந்த வாரம் கோணல்மாணலாக விட்டுவிட்டு வந்த படம் அடுத்த வாரம் போனால் தானாக அழகாகியிருக்கும். வாத்தியார் தொட்டுச் சரிசெய்துவிடுவார். இந்த ஊரில் பாதி வகுப்புகளில் இதுதான் வழக்கமாம். படம் அழகாக வீட்டுக்குப் போனால்தானே அடுத்த ஆள் சேருவான். "கத்துக்க வேண்டியது என் கை. படம் இல்ல" என்று சொல்லி அண்ணி நின்றுவிட்டாள்.

பிறகுதான் தார்நாகாவில் ஷ்யாம் கிடைத்தான். கும்பகோணத்துப் பையன். பையன் என்றால் நாற்பதை நெருங்குகிறவன்; மெட்ராஸில் ஓவியம் படித்துவிட்டு, மனைவிக்கு இங்கே ஐ.டி. வேலை கிடைத்ததால் கூடவே வந்தவன். மாடிப் போர்ஷன் ஒன்றில் வகுப்பு நடத்தினான். அண்ணி முதல் நாளே பழைய வகுப்பின் கதையைச் சொல்லி, அப்படியென்றால் நான் சேரவில்லை என்றாள்.

"உங்க கேன்வாஸ்ல என் பிரஷ் படவே படாது மேடம். ஏதாவது காட்டணும்னா தனிப் பேப்பர்ல காட்டுவேன். நீங்க பாத்துப் பண்ணிக்குங்க" என்றான்.

"சத்தியமா?"

"சத்தியமா மேடம்."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் காதால் கேட்டேன்.

உயிருள்ள ஆளை உட்காரவைத்து எழுதுவதற்கு முன்னால் பழைய ராஜா ராணி படம் ஒன்றை அப்படியே பார்த்து எழுத வேண்டும் என்பது அவன் முறை. ராணி அசையமாட்டாள், வெளிச்சம் மாறாது, பட்டு, நகை, தோல், முடி எல்லாம் ஒரே படத்தில் கிடைக்கும் என்பான். அவனிடம் பெரிய அளவில் அச்சடித்த படங்கள் இருந்தன. அண்ணி எடுத்தது இந்தப் பக்கத்துச் சின்ன சமஸ்தானம் ஒன்றின் ராணி. எழுதியவன் பேர் யாருக்கும் தெரியாது. கருநீலப் பட்டு, கழுத்து நிறைய முத்துச்சரம், ஒரு கை நாற்காலி மேல். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை, வாயை மூடிக்கொண்டு ஏதோ சொல்லப்போகிறவளாக இருந்தாள்.

"இந்த வாயைப் போட்டுட்டேன்னா ராஜி வாயைப் போட்டுடுவேன்" என்றாள் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மெட்ரோவில் போவோம். துணைக்கு நான். அவள் எழுதுவாள், நான் ஓரமாக உட்கார்ந்து குரோஷா பின்னுவேன், டர்பன்டைன் வாசனையில் தலைவலி வாங்கிக்கொண்டு வருவேன். அச்சுப் படத்தின் மேலும் கேன்வாஸ் மேலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக உருவத்தை இறக்கினாள். பிறகு பழுப்பு நிறத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகு நிறம். கீழ்ப் பூச்சில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக எண்ணெய் அதிகம்; மாற்றிச் செய்தால் படம் வெடித்துவிடுமாம். ஒரு மழைக்காலம் முழுக்க முத்துகளிலேயே போயிற்று. ஒரு சாம்பல் புள்ளி, அதன் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி, முத்து உருண்டு நிற்கும். நான்கூடப் பின்னுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

எல்லாம் வந்தது. வாய் வரவில்லை. போடுவாள், எட்ட நின்று பார்ப்பாள், கத்தியால் சுரண்டுவாள், மறுபடி போடுவாள்.

"ஒரு ஓரம் கீழயே போவுது. ராணிக்கு நேரா இருக்கு, எனக்கு எறங்குது" என்று புலம்புவாள். ஷ்யாம் தனிப் பேப்பரில் உதட்டை வரைந்து காட்டுவான். தலையாட்டுவாள். அடுத்த முறையும் அதே ஓரம் இறங்கும். அப்போது அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்பாள். படத்தின் மேல் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து எழுதுவாள்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தைய ஞாயிறு அண்ணன் காரில் அழைத்துப்போக வந்தான். அண்ணி கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அப்போதுதான் போட்ட வாய், அதிலும் ஓரம் இறங்கித்தான் இருந்தது.

"கைக்கு அழுவுறே? ஒரு படத்துக்கா?" என்றான் அண்ணன். கைக்கு என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் எதுக்கு என்று அர்த்தம்.

"இது வரலன்னா அது வராதுங்க."

"வரும், வரும். முதல்ல கண்ணைச் சரிபண்ணிக்கோ" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். நல்ல மனுஷன்தான் என்று அன்றைக்கு நானும் நினைத்தேன்.

இரண்டு கண்ணுக்கும் அடுத்தடுத்து ஆபரேஷன். சொட்டுமருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. எல்லாம் முடிந்து மறுபடி தார்நாகாவுக்குப் போன அன்று ராணிக்கு வார்னிஷ் அடித்துக் கண்ணாடிச் சட்டமும் போட்டு வைத்திருந்தான் ஷ்யாம். கண்ணாடிக்குப் பின்னால் ராணி சாட்சாத் ராணியாக இருந்தாள். வாய் அச்சுப் படத்தில் இருந்தது அப்படியே. அண்ணி கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இது நான் விட்டுட்டுப் போன மாதிரி இல்லையே தம்பி."

"எண்ணெய் காய்ஞ்சா முகம் தானா உட்காரும் மேடம். ஈரத்துல பாக்குறப்ப ஒண்ணு, காய்ஞ்சப்புறம் ஒண்ணு. உங்க கண்ணும் இப்பத்தானே தெளிஞ்சிருக்கு" என்றான்.

"நான்தான் சொன்னேனே, உன் கண்ணுல கோளாறு, படத்துல இல்லன்னு" என்றான் என் அண்ணன், பக்கத்தில் நின்று.

அவளுக்கு அன்றைக்கு எல்லாமே புதுசாகத்தான் தெரிந்தது. வீட்டுச் சுவரே இத்தனை வெள்ளையா என்று கேட்டவள். வரும்போது பார்த்த அரளிப்பூவின் சிவப்பைப் பற்றி வழியெல்லாம் பேசியவள். நம்பிவிட்டாள். நானும் நம்பினேன்.

வருஷக் கடைசியில் ஷ்யாம் மாணவர்களின் படங்களைக் கண்காட்சியாக வைத்தான். ராணி நுழைவாசலிலேயே. வந்தவர்கள் யாரும் முத்துகளைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் வாயைத்தான் பேசினார்கள். பேசப்போகிறாள் போல இருக்கிறது என்றார்கள். அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் "மை வைஃப்" என்று கையைக் காட்டினான். ராணியைக் கொஞ்ச நாள் இங்கேயே மாட்டி வைக்கிறேன், புதிதாகச் சேருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஷ்யாம் கேட்டான். அண்ணி பெருமையாகச் சரி என்றாள்.

பிறகு ராஜியை ஆரம்பித்தாள். மாடி வராந்தாவில், தனியாக. "ராணி வாயே வந்துருச்சு, போடுங்க மேடம், தைரியமா" என்று ஷ்யாம்தான் அனுப்பிவைத்தான்.

கண் வந்தது, நெற்றி வந்தது. பஸ் பாஸில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்துவிட்டாள். அதற்குக் கீழே வரவில்லை. போடுவதும் சுரண்டுவதுமாகக் கோடைக்காலம் போய், மழை வந்தது. காலையில் காபி குடித்ததும் உட்கார்ந்தால் மத்தியானம் நான் போய்க் கூப்பிட்டால்தான் சாப்பாடு. எத்தனை வாய்கள் அந்தக் கேன்வாஸில் வந்து போயினவோ. ஒருத்தி ராணியாக இருந்தாள், ஒருத்தி ஹம்சாவாக இருந்தாள், ஒருத்தி யாரென்றே தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிகிறதே என்று அண்ணி முதலில் சிரித்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு சாயங்காலம் நான் மாடியில் இருந்தபோது அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னான்: "வசந்தா, கை சரியாத்தான் இருக்கு, ராணியைப் போட்ட கைதானே. ஒருவேளை உன் ஞாபகம் தப்பா இருக்கலாம். மனுஷ ஞாபகம்னா போட்டோ இல்ல. நாப்பது வருஷத்துல அது மாறிடும். இது சயன்ஸ்."

விஞ்ஞானி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் எடுத்துக்கொண்டாள். அதிலிருந்து போக்கு மாறியது. முன்பெல்லாம் நினைவில் இருக்கிற வாய்க்கு ஏற்பக் கையைத் திருத்துவாள். இப்போது கை போட்ட வாய்க்கு ஏற்ப நினைவைத் திருத்த ஆரம்பித்தாள். ஓரம் கீழே இழுக்கும் என்றது நிஜமா, நானாக நினைத்துக்கொண்டதா என்று என்னிடமே கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் ராஜியைப் பார்த்தவளா?

நவராத்திரி சமயம். நான் சுண்டலுக்குக் கடலை வேகவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி இறங்கி வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

"மங்களம், எனக்கு ராஜி வாய் மறந்துபோச்சு" என்றாள்.

"என்ன பேசுறீங்க அண்ணி?"

"கண்ணை மூடினா நான் போட்டதெல்லாம்தான் வருது. அவளோடது வரல."

அழவில்லை. கடலையில் உப்பு போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஷ்யாம் பெரிய இடத்துக்கு மாறினான். சாமான்களை ஒழிக்கும்போது ராணியைத் திருப்பி அனுப்பினான். அண்ணி அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு யோசனை. நான்தானே இந்த வாயைப் போட்டேன், எப்படிப் போட்டேன் என்று பார்த்தால் வழி தெரியாதா? தன்னிடமிருந்தே தான் கற்றுக்கொள்ளப் பார்த்தாள். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கூசியதால் சட்டத்தைக் கழற்றி, வராந்தாவில் காலை வெயில் பக்கவாட்டில் விழுகிற இடத்தில் படத்தைச் சாத்தினாள். அப்படி வைத்தால் பிரஷ் போன தடமெல்லாம் உழுத நிலம்போல எழுந்து தெரியும்.

"மங்களம், இங்க வாயேன்" என்று கூப்பிட்ட குரலே சரியாக இல்லை. மேலே ஓடினேன்.

"இந்தத் துணியைப் பாரு. தடம் எப்படிப் போவுது?"

பார்த்தேன். பட்டின் மேல் எல்லாத் தடமும் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சரிந்தது. கையும் அப்படித்தான், நாற்காலியும் அப்படித்தான். இடது கைக்காரர்கள் இழுத்தால் அப்படித்தான் விழும்.

"இப்ப வாயைப் பாரு."

உதட்டிலும் முகவாயிலும் கன்னத்துக் கீழேயும் தடம் எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது. வலது கை இழுத்த தடம். என் அம்மாவே நேரில் வந்து, என் மருமகள் பரிமாறிய பந்தி இதில்லை என்று சொன்னால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. அண்ணி தன் இடது கையைக் காற்றில் அசைத்துப் பார்த்தாள், பிறகு வலது கையை. பிறகு புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஷ்யாமின் புது இடத்தில் அன்று வகுப்பு இல்லை, அவன் மட்டும் படம் வைக்கும் ஸ்டாண்டுகளைப் பிரித்து நிறுத்திக்கொண்டிருந்தான். அண்ணி சத்தம் போடவில்லை. எனக்குத்தான் போட வேண்டும்போல் இருந்தது.

"தம்பி, ராணி வாயை யாரு போட்டா?"

அவன் பொய் சொல்லத்தான் வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"நான்தான் மேடம். சார் வந்து கேட்டாரு. நான் அப்படிப் பண்றதில்லன்னு சொன்னேன். அவ அழுறதை என்னால பாக்க முடியல, கண்ணு ஆபரேஷன் வேற, டென்ஷன் கூடாது, கொஞ்சம் தொட்டு விட்டுடுங்க, அவளுக்குத் தெரிய வேணாம்னாரு. பெரியவர், கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"எண்ணெய் காய்ஞ்சா உட்காரும்னு சொன்னது?"

"அது… நாங்களா பேசி வெச்சுக்கிட்டது மேடம்."

"நான் போட்ட வாய் அடியில இருக்கா?"

"இல்ல மேடம். சுரண்டிட்டுத்தான் போட்டேன்."

"போட்டோ ஏதாவது எடுத்து வெச்சியா?"

"முடிஞ்சப்புறம்தான் எடுத்தேன்." சமாதானம் சொல்கிற மாதிரி அவனே மேலே சொன்னான்: "உண்மையைச் சொன்னா உங்க வாய் மோசமே இல்ல மேடம். நல்ல உசிரான வாய். ஆனா ராணி வாய் இல்ல. ஒரு ஓரம் கீழ இழுத்துக்கிட்டு, அழப்போற மாதிரி, இல்ல இல்ல, அழுறதும் இல்ல, சிரிப்பை அடக்குற மாதிரி. ஒவ்வொரு தடவையும் அதேதான் வந்துக்கிட்டிருந்தது. காப்பின்னா அது தப்புதானே."

அண்ணி பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஞாயிறு தோறும் அவள் போட்டுப் போட்டுச் சுரண்டியது ராஜியின் வாய். நினைத்துப் போடாமல், ராணியைப் பார்த்துக்கொண்டே கை தானாகப் போட்ட வாய். புரை விழுந்த கண்ணுக்கு அது தெரியவில்லை. கண் தெளிந்து வந்து பார்த்திருந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பாள். அதற்குள் இந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் அவள் சந்தோஷத்துக்காக அதைச் சுரண்டி எறிந்துவிட்டார்கள்.

"சத்தியம் பண்ணியே தம்பி" என்றாள் அண்ணி. நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பதை அதுவரை நான் பழமொழியாகத்தான் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தோம். அண்ணன் கூடத்தில் காபி ஆற்றிக்கொண்டிருந்தான். ஷ்யாம் போன் பண்ணிச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது, எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உன் சந்தோஷத்துக்குத்தான் வசந்தா."

"சரி. அது ஒரு நாள். அதுக்கப்புறம் மாசக்கணக்கா ராஜி வாயைப் போட்டுப் போட்டு அழிச்சேன். அந்த நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"கை சரி, ஞாபகம்தான் தப்புன்னு சொல்லத் தெரிஞ்சுது."

அவன் தம்ளரை மேசைமேல் வைத்தான்.

"அந்தக் கை என் கை இல்லன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே எங்கக்கா வாயைத் தப்புன்னீங்க. நானும் நம்பி அதை அழிச்சேன். கேன்வாஸ்ல அழிச்சது போனா போவுது. உள்ள அழிச்சுட்டேனே. இனி அதை எங்க போய்த் தேடுவேன்?"

"அண்ணா, நீயெல்லாம் படிச்சவன்" என்றேன் நான். எங்கள் வீட்டில் எந்தக் காரியமானாலும் நடந்தது நடந்துபோச்சு, விடு, அதையே பேசிக்கிட்டு இருக்கறது நக்கோ, வேணாம் என்று முடிப்பதுதான் வழக்கம். அன்றைக்கு அண்ணன் அதைச் சொல்ல ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அண்ணி ஒரு முயற்சி செய்து பார்த்தாள். புதுக் கேன்வாஸில் அதே ராணியை மறுபடி எழுதினாள். ராணியைப் பார்த்துப் போட்டால் அந்தப் பழைய தப்பு மறுபடி வந்துவிடாதா என்று ஆசை. கண் இப்போது தெளிவு, கையும் தேறிவிட்டது. வாய் முதல் தடவையே ராணியின் வாயாக, நேராக, அழகாக வந்தது. எந்த ஓரமும் இறங்கவில்லை. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துவிட்டாள். ராஜியின் கேன்வாஸ் மூக்கு வரை எழுதியபடி அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது.

பொங்கல் கழிந்து ஒரு காலை அவளே அண்ணனிடம் போனாள்.

"வாங்க, உக்காருங்க. உங்களைப் போடுறேன்."

அண்ணனுக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். ஓடிப்போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். வாரக்கணக்காக வராந்தாவில் அசையாமல் உட்கார்ந்தான். அவளும் வஞ்சனையில்லாமல் எழுதினாள். நரைத்த புருவம், மூக்கில் கண்ணாடி பதிந்த குழி, காது மடல், சட்டைப் பையில் பேனா. எல்லாத் தடமும் இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கியது. நான் எத்தனையோ படம் பார்த்துவிட்டேன், இவ்வளவு உயிருள்ள கண் பார்த்ததில்லை.

கடைசி நாள் பிரஷ்களைத் துடைத்து, டப்பாவை மூடினாள். அண்ணன் எழுந்து வந்து பார்த்தான். மூக்குக்கும் முகவாய்க்கும் நடுவில் வெறும் பழுப்புப் பூச்சுதான் இருந்தது.

"வாய் போடலையே வசந்தா?"

"போட வேணாங்க. எண்ணெய் காய்ஞ்சா முகம் தானா உக்காரும்" என்றாள் அண்ணி.

அந்தப் படத்தைக் கூடத்தில், வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, வாய் எங்கே என்று கேட்கிறார்கள். அண்ணி பதில் சொல்வதில்லை, காபி போட உள்ளே போய்விடுவாள். அண்ணன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, இன்னும் காயவில்லை என்று.